காத்திருக்கத் தெரிந்த சாப்பாடு

“அக்கா, சனிக்கிழமை ராத்திரி அவங்க அண்ணன் குடும்பமும் நாத்தனார் குடும்பமும் வர்றாங்க. பெரியவங்க மட்டும் எட்டுப் பேர். சின்னவன் இடுப்பை விட்டு இறங்க மாட்டேங்கறான். என்னத்த சமைக்கிறது?”

உத்திரமேரூர்ப் பக்கத்து வீடுகளில் இந்தக் கேள்விக்கு வருகிற பதில்கள் எனக்கு மனப்பாடம். சப்பாத்தி குருமா போட்டுடு, பூரி கிழங்கு பண்ணிடு, ஒண்ணுமில்லன்னா தோசை ஊத்திடு. மூன்றுமே வேண்டாம் என்பது என் கட்சி. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், ஏனென்று சொல்கிறேன்.

தோசையையே எடுத்துக்கொள்வோம். மாவு முதல் நாளே தயார், சட்னியும் அரைத்தாயிற்று. வேலை முடிந்த மாதிரிதான் தோன்றும். ஆனால் எட்டுப் பேருக்கு ஆளுக்கு மூன்று என்றாலும் 24 தோசை. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வைத்தால் 48 நிமிடம். அந்த 48 நிமிடமும் ராத்திரி எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வருகிறது. கைக்குழந்தை தூக்கத்துக்குச் சிணுங்குகிற நேரமும் அதுதான், நாலு வயதுக்காரி வந்த பிள்ளைகளோடு அடுக்களைக்குள் ஓடிப்பிடித்து விளையாடுகிற நேரமும் அதுதான். ஒரு கையில் தோசைத் திருப்பி, இன்னொரு கையில் குழந்தை, முந்தானையைப் பிடித்து இழுக்க இன்னொன்று. கூடத்தில் முதல் பந்தி முடிந்து இரண்டாம் பந்தி காத்திருக்கும். வந்தவர்களோடு நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டீர்கள். சப்பாத்தியும் பூரியும் அடையும் இதே வகைதான். பூரியில் கொதிக்கிற எண்ணெய் வேறு.

விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு வருவார்களா என்பது அடுத்த கவலை. சென்னையிலிருந்து நம் ஊர் சுமார் 90 கிலோமீட்டர். “செங்கல்பட்டு தாண்டிட்டோம்” என்று போன் வந்தால்தான் நிச்சயம். ஏழு மணி என்றவர்கள் ஒன்பதுக்கு வந்தாலும் கெடாமல், காய்ந்துபோகாமல், ருசி குறையாமல் இருக்கிற சாப்பாடுதான் நமக்கு வேண்டும். இதற்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம். நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சமையலிலேயே அது இருக்கிறது. சமைக்கிற நேரத்துக்கும் சாப்பிடுகிற நேரத்துக்கும் சம்பந்தமே இல்லாத இரண்டு கூட்டத்தார் அதைப் பழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஒன்று கோவில் மடைப்பள்ளி. இன்னொன்று கட்டுசோறு கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறவர்கள்.

2019-இல் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலில் அத்தி வரதர் எழுந்தருளினார் அல்லவா? ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். அதற்கு முன் 1979-இல்தான் வெளியே வந்தவர். அந்த நாட்களில் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் உறவுக்காரர் வந்து தங்காத வீடு அபூர்வம். வரிசையில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. விடியற்காலை போனவர்கள் சாயங்காலம் திரும்புவார்கள், சாயங்காலம் போனவர்கள் நடுராத்திரி திரும்புவார்கள். சுடச்சுடப் பரிமாறுகிற பேச்சுக்கே இடமில்லை. புளிச்சோறும் தயிர்ச்சோறும்தான் மானத்தைக் காப்பாற்றின.

அந்த வரதராஜப் பெருமாள் கோவில் இட்லியிலிருந்தே தொடங்குவோம். காஞ்சிபுரம் இட்லி என்று ஓட்டல்களில் தருவது பெரும்பாலும் சாதா இட்லி மாவில் மிளகு சீரகம் தூவியது. கோவிலில் செய்வது வேறு. பச்சரிசி, உளுந்து மாவைக் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய், நல்லெண்ணெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். குடலை இட்லி என்று பெயர் வந்தது அதனால்தான். உலக்கை மாதிரி நீளமாக வெளியே வருவதைத் துண்டு போட்டுத் தருவார்கள். ஆறினாலும் விறைக்காது, மறுநாளும் தாங்கும். மாவின் புளிப்பு, உள்ளே ஊறிய எண்ணெயும் நெய்யும், நிதானமாக உள்ளுக்குள் வரை வெந்தது, எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது.

வீட்டில் குடலைக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர். எட்டுப் பேருக்கு, மற்ற அயிட்டங்களும் இருப்பதால், பச்சரிசி ஒன்றரை ஆழாக்கு, புழுங்கலரிசி ஒன்றரை, உளுந்து ஒன்றரை போதும். நாலு மணி நேரம் ஊறட்டும். ரவை பதத்துக்கு அரைக்க வேண்டும். வழவழவென்று அரைத்தால் இந்த இட்லியின் கடி போய்விடும். உப்புப் போட்டுக் கரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்க விடுங்கள். சித்திரை வெயிலில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். மறுநாள் ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, சீரகம், சுக்குப்பொடி, கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயத்தை நெய்யிலும் நல்லெண்ணெயிலும் தாளித்துக் கொட்டிக் கலக்கி, எண்ணெய் தடவிய டம்ளரில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஊற்றி, 25 நிமிடம் ஆவியில் விடுங்கள். நடுவில் ஒரு ஈர்க்குச்சியைக் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. நன்றாக ஆறின பிறகே டம்ளரைக் கவிழ்க்க வேண்டும், சூட்டில் அவசரப்பட்டால் பாதி இட்லி டம்ளரிலேயே நின்றுவிடும். பதினைந்து, பதினாறு வரும். வில்லையாக நறுக்கி, இட்லிப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவித் தூக்கில் அடுக்கி மூடிவிடுங்கள். ரயிலுக்குக் கட்டுகிற அதே வித்தைதான். மூன்று மணி நேரம் ஊறினால் செய்தபோது இருந்ததைவிட நன்றாக இருக்கும். சட்னி தேவையே இல்லை.

சட்னி வேண்டாம் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் தேங்காய். முன்கூட்டிச் செய்கிற சமையலில் முதல் எதிரி அதுதான். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, வேகவைத்த பருப்பு, பச்சைத் தேங்காய்ச் சட்னி, மூன்றும் மதியம் செய்து வெளியே வைத்தால் ராத்திரிக்குள் ஊசிப்போகப் பார்க்கும். ஃபிரிட்ஜ் இருக்கிறதே என்பீர்கள். எட்டுப் பேருக்கான கூட்டுப் பாத்திரம் உள்ளே போகிற ஃபிரிட்ஜ் நம்மில் எத்தனை வீட்டில் இருக்கிறது?

அடுத்தது புளியோதரை. இங்கேதான் நான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். புளிக்காய்ச்சல் சரியாக வந்துவிட்டால் பாதி விருந்து முடிந்தது. வியாழக்கிழமையே செய்து வைத்துவிடலாம்.

நாலு ஆழாக்கு அரிசிக்கு 100 கிராம் புளி, 150 மில்லி நல்லெண்ணெய். இந்த எண்ணெயைக் கண்டு பயப்பட வேண்டாம், காரணம் இருக்கிறது. புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் கடுகு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள்தூள், பிறகு புளிக்கரைசல், உப்பு. முதலில் தண்ணீராகக் கொதிக்கும். அப்புறம் சேறு மாதிரி இறுகித் தெறிக்கத் தொடங்கும். அடுப்பு முன் ஆள் நிற்க வேண்டியதும், குழந்தை அந்தப் பக்கமே வரக் கூடாததும் இந்தக் கட்டத்தில்தான். கரண்டியால் கிளறும்போது ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, சிவப்பாக மேலே மிதக்க ஆரம்பிக்கும். தனியா, வெந்தயம், மிளகாய், எள்ளு வறுத்துப் பொடித்ததைப் போட்டு, ஒரு சுண்டைக்காய் அளவு வெல்லம் சேர்த்து இறக்கிவிடலாம். எண்ணெய் பிரியாமல் இறக்கினால் அது புளிக்குழம்புதான், காய்ச்சல் அல்ல.

அது ஏன் கெடுவதில்லை? கிருமி வளரத் தண்ணீர் வேண்டும், சுண்டக் காய்ச்சியதில் அது வற்றிவிட்டது. மிஞ்சியிருக்கிற ஈரத்தில் புளியின் அமிலமும் உப்பும் கலந்திருக்கின்றன. மேலே மிதக்கிற எண்ணெய் காற்றை உள்ளே விடாது. அந்த 150 மில்லி இதற்குத்தான். ஆறியதும் பீங்கான் ஜாடியிலோ கண்ணாடி பாட்டிலிலோ எடுத்து வையுங்கள். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரங்களைப் புளி அரித்துவிடும். ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகவே கூடாது.

சனிக்கிழமை சாயங்காலம் சோறு வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு ஆறவிட்டு, காய்ச்சலைப் போட்டுக் கலக்க வேண்டும். பழைய அரிசியாக இருந்தால் பருக்கை உடையாமல் வரும். கலந்த உடனே சாப்பிட்டால் புளி தனி, சோறு தனி என்று இருக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் ஊறட்டும். விருந்தாளிகள் தாமதமாக வந்தாலும் புளியோதரைக்கு நல்லதுதான்.

வேர்க்கடலையையும் கடலைப்பருப்பையும் காய்ச்சலோடு போடாதீர்கள். தனியாக வறுத்துச் சின்ன டப்பாவில் வைத்திருந்து, பெரியவர்கள் இலையில் பரிமாறும்போது தூவுங்கள். நாலு வயது ஆகாத குழந்தைக்கு முழு வேர்க்கடலையும் முழுக் கொண்டைக்கடலையும் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். வந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன வயது என்று பந்தி நடுவில் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. கடலையும் மொறுமொறுப்பாகவே இருக்கும்.

சோற்றைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், டீ ஆறினாலும் பரவாயில்லை. முன்கூட்டிச் சமைப்பதில் ஆபத்தான பொருள் எது என்று கேட்டால் பலரும் பால் என்பார்கள். வெறும் சோறு என்று எனக்குத் தெரிந்த பலருக்குத் தோன்றியதே இல்லை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்கிற கிருமியின் வித்து இருக்கலாம். சோறு கொதிப்பதில் அந்த வித்து சாகாது. வெதுவெதுப்பாக மூடி வைத்த சோற்றில் அது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தியைக் கிளப்புகிற அந்த நஞ்சு திரும்பச் சூடு செய்தாலும் அழியாது. பெரியவர்கள் ஒரு நாள் வாந்தியோடு எழுந்துவிடுவார்கள், கைக்குழந்தைக்கு உடம்பில் நீர் வற்றிவிடும். அதனால் சமைத்ததை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்புக்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நம் ஊரில் 32 டிகிரிக்குக் கீழே எத்தனை நாள் இருக்கிறது?

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், கட்டுசோற்றில் வெறும் சோறு ஏன் கிடையாது என்பது விளங்கும். புளி, எலுமிச்சை, தயிர் என்று எதையாவது புளிப்பைக் கலந்துதான் கட்டினார்கள். புளிப்பில் அந்தக் கிருமிக்கு வளர்ச்சி இல்லை. மிஞ்சினதையும் தண்ணீர் ஊற்றிப் பழைய சோறாக்கினார்கள், ராத்திரியில் அதுவும் புளித்துக்கொள்கிறது. ஆகவே மதியமே சோறு வடித்து மூடிவைத்துவிட்டு ராத்திரி கலக்கலாம் என்று நினைக்காதீர்கள். வடித்து, பரப்பி, ஆறிய கையோடு கலந்துவிட வேண்டும்.

தயிர்ச்சோறும் அப்படித்தான். சோற்றைக் குழைய வடித்து, சூட்டிலேயே மசித்துக் காய்ச்சிய பாலை ஊற்றி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் தயிர் சேர்க்க வேண்டும். பிரயாணத்துக்குக் கட்டுகிறவர்கள் ஒரு கரண்டித் தயிர்தான் விடுவார்கள், சாப்பிடுகிற நேரத்துக்குள் பால் உள்ளேயே தோய்ந்துகொள்ளும் என்று. நீங்கள் ஆறு மணிக்குப் பிசைந்து எட்டரைக்குப் பரிமாறப் போகிறீர்கள். தயிரைத் தாராளமாகவே விடுங்கள், பால் இறுகாமல் இருக்கக் கொஞ்சம் போதும். தாளிப்பதற்கு முன்னால் பிள்ளைகள் பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள். மிளகாயும் கடுகும் இல்லாத சோற்றை ஒன்றரை வயதுக் குழந்தை தானே அள்ளித் தின்னும். ஒரு வயது நிறையாத குழந்தை இருந்தால் உப்புப் போடுவதற்கும் முன்னாலேயே எடுத்து மசிக்க வேண்டும்.

இப்போது யார் எப்போது அடுப்பு முன் நிற்பது என்ற கணக்குக்கு வருவோம். சமையல் குறிப்புப் புத்தகங்கள் இதைச் சொல்வதே இல்லை. குழந்தை இருக்கிற வீட்டில் வேலையைப் பிரிக்க வேண்டியது அயிட்டப்படி அல்ல, குழந்தை விழித்திருக்கிற நேரம், தூங்குகிற நேரம் என்று. தூங்கும்போது எல்லா வேலையையும் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் தூளியில் போட்டு ஆட்டித் தூங்கவைத்துவிட்டு வந்து மிக்சியைப் போட்டால் என்ன ஆகும்? குக்கர் முதல் விசில் அடித்தாலே அங்கே தூளி அசையும். எனவே சத்தம் போடுகிற வேலை எல்லாம் விழித்திருக்கும்போது. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் இன்னும் பல வீட்டில் ஓடுகின்றன. பழசாக ஆக, சத்தமும் கூடிக்கொண்டே போகிறது. உளுந்து அரைப்பது, பொடி அரைப்பது, கறிவேப்பிலை உருவுவது, வெள்ளரிப் பிஞ்சு கழுவுவது இவையெல்லாம் பிள்ளை காலைக் கட்டிக்கொண்டிருந்தாலும் நடக்கிற வேலை. கறிவேப்பிலை உருவுவதை நாலு வயதுக்காரியிடமே கொடுக்கலாம். பாதி தரையில் கிடக்கும். கிடக்கட்டும்.

எண்ணெயும் நெருப்பும் தெறிப்பும் உள்ள வேலை எல்லாம் தூங்கும்போது. புளிக்காய்ச்சல், தாளிப்பு, வடகமும் அப்பளமும் பொரிப்பது எல்லாம் இதில் சேர்த்தி. மதியத் தூக்கத்தில் பொரித்து, ஆறியதும் இறுக மூடுகிற டப்பாவில் போட்டுவிட்டால் ராத்திரி வரை நமுக்காது. வாணலியின் எண்ணெய் ஆற ரொம்ப நேரம் பிடிக்கும், மேடையின் உள்பக்கமாகத் தள்ளி வையுங்கள்.

மிளகாய் வறுப்பது மட்டும் இரண்டிலும் சேராது. அந்த நெடி தூங்குகிற குழந்தையையும் இருமவைத்து எழுப்பிவிடும். பாட்டியோ தாத்தாவோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை போய்வருகிற நேரத்தில் கொல்லைப்பக்கம் அடுப்பு வைத்து முடித்துவிடுங்கள்.

ஆக, வியாழனன்று புளிக்காய்ச்சலும் பொடியும். வெள்ளி மதியம் மாவு. சனி காலை இட்லி, மதியத் தூக்கத்தில் வடகம், கேசரி. ஐந்தரைக்குச் சோறு. ஆறரைக்கெல்லாம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட வேண்டும். விருந்தாளிகளோடு சேர்ந்து சாப்பிடட்டும் என்று வைத்திருந்தால் பசியில் அழுது ஊரைக் கூட்டும். கேசரி ஏன், பாயசம் இல்லையா என்றால், சேமியாப் பாயசம் இருக்க இருக்க இறுகிக் களியாகிவிடும், கேசரிக்கு அந்தத் தொல்லை இல்லை.

சோறு வடித்துக் கலக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்கு வழி வேண்டும். விருந்தாளிகள் முன்னதாகவே வந்துவிட்டால் வீட்டுக்காரரோடு நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோவிலுக்கு அனுப்பிவையுங்கள், பிள்ளைகளையும் சேர்த்து. முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலைத் தேர்தல் விதிகள் என்று காட்டுவதற்கு அங்கே நிறைய இருக்கிறது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று வைத்து ஊரை நடத்தியவர்கள். அடுக்களைக்கு ஒரு வாரியம் வைக்க அவர்களுக்கும் தோன்றவில்லை, அது வேறு கதை.

பரிமாறுவதற்கு வாழை இலை. கொல்லையில் மரம் இருக்கிறவர்கள் தட்டு எடுப்பது எதற்கென்றே எனக்குப் புரியவில்லை. எட்டுத் தட்டு, எட்டுக் கிண்ணம் என்று ராத்திரி பத்து மணிக்குத் துலக்கிக்கொண்டு நிற்பதும் சமையலில் சேர்ந்த வேலைதானே? இலை என்றால் மாட்டுக்குப் போய்விடும். இலை இல்லாதவர்களுக்குக் கடையில் மந்தாரைத் தையல் இலை கிடைக்கும். எல்லாம் ஆறின சாப்பாடு என்பதால் பரிமாறுகிற வேலையை வீட்டுக்காரரிடமே விட்டுவிடலாம். சூடான கரண்டி, கொதிக்கிற குழம்பு என்று எதுவும் இல்லை, குழந்தைகள் நடுவில் ஓடினாலும் பயமில்லை. நீங்களும் முதல் பந்தியிலேயே உட்காருங்கள். “சூடா ஒண்ணுமே இல்லையா?” என்று யாராவது பெரியவர் கேட்டால், இருக்கவே இருக்கிறது மிளகு ரசம். மதியமே புளியும் தக்காளியும் கரைத்துப் பொடி போட்டு வைத்திருந்தால், நுரை கட்டுகிற வரை அடுப்பில் வைக்க ஐந்து நிமிடம்தான்.

சனிக்கிழமை பார்த்துச் சின்னவன் மதியம் தூங்கவே மாட்டேன் என்றால்? வடகத்தை விட்டுவிடுங்கள், கேசரியையும் விட்டுவிடுங்கள். பஜாரில் கால் கிலோ மைசூர்பாகும் ஒரு பாக்கெட் சிப்ஸும் வாங்கிவரச் சொன்னால் முடிந்தது. புளிக்காய்ச்சல்தான் வியாழனன்றே ஜாடியில் ஏறிவிட்டதே.